விட்டாச்சு... அப்புறம்?

(முன்னாள் மாணவர் சங்க மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து "போதை ஒழிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். போதை கெட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? சிகரெட் பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 26-ஆம் தேதி உலக போதை ஒழிப்பு நாள் வருகிறது. ஐ.நா. சபை 1987-இல் முடிவு செய்த நாள் அது. ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் நடக்கின்றன. நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் விட்டு விட்டவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறானே, அவன் மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வான்? இன்றைக்கு நான் பேசப் போவது அந்த ஆறு மணியைப் பற்றித்தான்.

இதைப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். நான் டாக்டர் இல்லை. இங்கே பொருளாதாரம் படித்தேன். பிறகு சமூகப்பணி படித்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீஸராகச் சேர்ந்து, இருபத்தெட்டு ஆண்டுகள் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி அன்றைக்கு 500 தொழிலாளிகளோ அதற்கு மேலோ இருந்தால் இப்படி ஓர் அதிகாரி கட்டாயம் என்று இருந்தது. கேன்டீனில் சாம்பார் தண்ணியா இருந்தாலும் எங்களிடம்தான் வருவார்கள், வீட்டுக்காரர் சம்பளத்தைக் கொண்டு வரவில்லை என்றாலும் எங்களிடம்தான் வருவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் சொல்கிறேன்.

நம்ம ஏரியா

முதலில் ஒரு விஷயம். சினிமாவில் வடசென்னை என்றாலே கையில் கத்தி, வாயில் பீடி. ராயபுரத்தில் 1856-இல் ரயில் நிலையம் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதை யாரும் காட்ட மாட்டார்கள். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை புல்லட்டும் லாரியும் டயரும் செய்து நாட்டுக்கே அனுப்பிய கைகள் நம்முடையவை. போதை நம் தெருவுக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 14.6 பேர் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போயிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? எல்லா ஊரிலும், எல்லாச் சாதியிலும், மாடி வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஆனால் துறைமுகமும், ஷிப்ட் வேலையும், கான்ட்ராக்ட் கூலியும் உள்ள இடத்தில் அது சீக்கிரம் வேர் பிடிக்கும் என்பதும் உண்மை. 1980-களின் தொடக்கத்தில் இந்தியப் பெருநகரங்களுக்குள் பிரவுன் சுகர் வந்தது. 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 90-களில் சென்னையில் ஊசி போடும் பழக்கம் பரவியது, அதோடு எச்.ஐ.வி.யும் வந்தது. இன்றைக்கு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறோம். பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. அதை விட்டவன் படும் பாடு மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கிறது.

எதுவுமே புடிக்கல சார்

சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு தொழிலாளி. லேத் மெஷினில் கெட்டிக்காரர். முதல் வாரம் எல்லாரும் கை கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் என் அறைக்கு வந்து உட்கார்ந்து சொன்னார்: "சார், குடிச்சிட்டு வந்தப்ப எல்லாரும் எங்கூட பேசுனாங்கோ. இப்ப கேன்டீன்ல எனக்கு ரெண்டு பக்கமும் சேர் காலியா கீது." நண்பர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் எங்கே போகலாம் என்பதுதான் இத்தனை வருடமும் அவர்கள் பேசிய பேச்சு. அந்தப் பேச்சு போனதும் வேறு பேச்சில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். "டிவி புடிக்கல, சோறு புடிக்கல, புள்ளையத் தூக்குனாக்கூட ஒண்ணும் தோணல சார். இதுக்கா விட்டேன்?"

இந்தக் கேள்விக்கு மூளை மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது. நமக்கு ஒரு காரியம் பிடித்திருக்கிறது, மறுபடியும் செய்யலாம் என்று மூளைக்குள் அடையாளம் போடுவதில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல சாப்பாடு, பாராட்டு, குழந்தையின் சிரிப்பு எல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்க வைக்கும். போதைப் பொருள் மடையைத் திறந்து விட்ட மாதிரி பாய்ச்சும். நாள்பட நாள்பட மூளை தன் காதைப் பொத்திக்கொள்கிறது. திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறானே, அது போல. போதையை நிறுத்தினதும் ஒலிபெருக்கி நின்று விட்டது, ஆனால் பஞ்சு இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் பிள்ளையின் சிரிப்பும் அவருக்குக் கேட்பதில்லை.

பஞ்சு எப்போது விழும்? அமெரிக்காவில் நோரா வோல்கோவ் என்ற மருத்துவரின் குழு, மெத்தாம்ஃபெட்டமைன் பழக்கத்தை விட்டவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஓராண்டுக்கு மேல் விலகி இருந்தவர்களிடம் டோபமைனைக் கையாளும் அமைப்பு கணிசமாக மீண்டிருந்தது. வேலைத்திறன் அத்தனையும் அதே வேகத்தில் திரும்பி விடவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள் காலம் மாறும். ஆனால் கணக்கு மாதக் கணக்கு, நாள் கணக்கு இல்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், மூன்றாவது மாதத்தில் "நம்ம வாழ்க்கை இவ்ளோதான் போல" என்று நினைத்துத் திரும்பப் போய் விடுகிறார்கள்.

அந்த லேத் தொழிலாளி காத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை வந்து, "நேத்து காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கினேன் சார். கொழம்பு ருசியா இருந்துச்சு" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை, மீன் குழம்பைப் பற்றி ஏன் ஆபீஸில் வந்து சொல்கிறார் என்று. பிறகுதான் புரிந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவருக்கு நாக்கில் ருசி வந்திருக்கிறது.

வீட்டுக்குள்ளே

விட்டவுடன் குடும்பம் சிரித்து விடும் என்று நினைக்காதீர்கள். ஒரு தொழிலாளியின் மனைவி, "அவரு குடிச்சப்பவே தேவலாம்னு தோணுது சார், இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு" என்று அழுதார். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. பத்து வருடம் சம்பளத்தை வாங்கிப் பத்திரப்படுத்தி, கடன்காரனுக்குப் பதில் சொல்லி, பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவுமாக இருந்தவர் அவர். விட்டவர் மறுமாதமே "ஏ.டி.எம். கார்டு குடு, நான்தானே வீட்டுத் தலைவன்" என்றால் எப்படி? இவருக்கு முப்பது நாள் பெரிய சாதனை. அவருக்கு அது பத்து வருடத்தில் முப்பது நாள். நம்பிக்கை சொசைட்டி லோன் மாதிரி, தவணை கட்டித்தான் அடைபடும்.

பெண்கள் இந்தப் பழக்கத்தில் சிக்கி மீண்டு வந்தால் அவமானம் இரட்டிப்பு. ஆணுக்கு "பாவம், திருந்திட்டான்" என்கிற ஊர், பெண்ணுக்கு அதைச் சொல்வதில்லை. அதனால் அவர்கள் வெளியே சொல்வதே இல்லை. மாணவிகள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

ஒரு அம்மையார், ஒரு ஓட்டல் வராந்தா

இந்தக் குடும்ப விஷயத்தை நம் ஊரில் முதலில் சரியாகப் புரிந்து கொண்டவர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். டி.டி.கே. என்று நாம் அறிந்த பெரிய தொழில் குடும்பத்தின் மருமகள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். வசதி இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள். குடியை நோயாகப் பார்த்துச் சிகிச்சை தர அன்றைக்கு இங்கே தனி இடம்தான் இல்லை. அந்தத் துக்கத்தோடு வீட்டில் முடங்காமல், வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். நோயாளிக்கு மட்டுமல்லாமல் மனைவிக்கும் பெற்றோருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. கிராமத்து மக்கள் சென்னைக்கு வர முடியாது என்று மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாமே போட்டார்கள். 1992-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1999-இல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சமூக விருதும் கிடைத்தது.

தன் வீட்டில் நடந்ததை மூடி மறைக்காமல் வெளியே சொல்லத் துணிந்தார் பாருங்கள், அதற்குத்தான் நான் முதலில் வணக்கம் சொல்வேன். அவர் சொன்னதால் ஆயிரக்கணக்கான மனைவிமார்களுக்குத் தங்கள் வீட்டுக் கதையை இன்னொருவரிடம் சொல்ல வாய் வந்தது.

இன்னொரு கதை 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் நடந்தது. பில் வில்சன் என்பவர் பங்கு வியாபாரத்தில் இருந்தவர், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தார். வேலையாக வந்த இடத்தில் காரியம் கெட்டுப் போயிற்று. ஓட்டல் வராந்தாவில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் டெலிபோன். டெலிபோனை எடுத்து, பாதிரியார் ஒருவர் மூலமாக, "இந்த ஊரில் என்னைப் போலவே குடியால் கஷ்டப்படுகிறவர் யாராவது இருந்தால் அவரோடு பேச வேண்டும்" என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்னும் அறுவை மருத்துவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. கூட்டம். இன்றைக்கு உலகம் முழுக்க, சென்னையிலும், நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஊர், பெயர், வேலை யாரும் விசாரிப்பதில்லை.

கவனியுங்கள், அவர் "என்னைக் காப்பாத்துங்க" என்று போன் செய்யவில்லை. நான் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும், என்னால் பயன்படக்கூடிய ஒரு ஆள் வேண்டும் என்றுதான் தேடினார். பல வருடம் எல்லாருக்கும் பாரமாக இருந்த ஒருவனுக்கு, நான் இன்னொருவனுக்கு உதவினேன் என்ற நினைப்பு வந்தால் முதுகு நிமிர்கிறது. சமூகத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் தைரியம் என்று சொல்கிறோமே, அது அங்கேதான் தொடங்குகிறது.

இடம் மாறினால்

மாணவர்கள் ஆராய்ச்சி கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். 1971-இல் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தொடர்ந்து ஆராய்ந்தார். ஐந்தில் ஒருவர், அங்கே இருந்தபோது ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானோம் என்று சொன்னார்கள். அமெரிக்காவே பயந்து போயிற்று. ஆனால் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போர்க்களம் போய் வீடு, வேலை, உறவு என்று இடம் மாறியது ஒரு முக்கியக் காரணம். நம்ம ஆளுக்கு அந்த வசதி இல்லை. அவன் சிகிச்சை முடிந்து திரும்புவது அதே தெருவுக்கு, அதே முனைக்கு, அதே கூட்டாளிகளிடம். ஊரை மாற்ற முடியாது. அதனால் அதே ஊருக்குள் அவனுக்கு வேறு இடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அந்த இடங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. தெருமுனை கேரம் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை வெட்டி இல்லாதவன் ஆடுவது என்று நம் அப்பாக்கள் திட்டினார்கள். 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற சென்னைக்காரர் மரிய இருதயம், கேரமுக்காக 1996-இல் அர்ஜுனா விருது வாங்கினார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்று வந்தார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். வியாசர்பாடியில் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் 1997-இல், பிள்ளைகள் தப்பான வழிக்குப் போய்விடக் கூடாது என்று கால்பந்துப் பயிற்சியும் மாலை நேரப் படிப்பும் சேர்த்துத் தொடங்கினார்கள். ஒரு மைதானம், ஒரு பந்து, சாயங்காலம் தவறாமல் வரும் ஒரு அண்ணன். அவ்வளவுதான் முதலீடு.

ஐஸ்லாந்து என்ற சின்ன நாடு இதையே அரசாங்கத் திட்டமாகச் செய்தது. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், போன மாதம் குடித்துப் போதையானோம் என்றார்கள். 2016-இல் அது நூற்றுக்கு 5 ஆனது. பிரசங்கத்தால் குறையவில்லை. பள்ளி முடிந்ததும் விளையாட்டு, இசை, அதற்குக் கட்டணம் கட்ட உதவி, பெற்றோர் பிள்ளைகளோடு கழிக்கும் நேரம் என்று சாயங்காலத்தை நிரப்பினார்கள். நான் முதலில் சொன்ன அதே ஆறு மணிதான்.

தைரியம் எப்படி வருகிறது?

விட்டவர்களுக்குப் பெரிய பயம் கல்யாணமும் சாவும். இரண்டிலும் பாட்டில் உண்டு. "இன்னா மச்சான், பெரிய மனுசன் ஆயிட்டியா? ஒரு மூடி ஊத்திக்க" என்று ஒருவன் கையைப் பிடிப்பான். மறுக்கும்போது கூச்சம், எல்லாரும் நம்மையே பார்க்கிறார்களோ என்ற நடுக்கம். இதற்கு எங்கள் தொழிலாளிகளே கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன், எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பதில் ஒரு வரிதான் இருக்க வேண்டும். "எனக்கு ஒத்துக்கல, விட்டுட்டேன்." காரணம் விளக்க ஆரம்பித்தால் வாதம் வரும், வாதம் வந்தால் தோற்போம். தனியாகப் போகக் கூடாது, நம் நிலைமை தெரிந்த ஒரு ஆளோடு போக வேண்டும். முன்னதாகப் போய், தாலி கட்டியதும் மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பி விட வேண்டும். கையில் ஒரு கோலி சோடா இருந்தால் யாரும் கிளாஸ் நீட்ட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தி பரிமாறுங்கள், வண்டி ஏற்பாடு செய்யுங்கள், வாசலில் நின்று வரவேற்புச் சொல்லுங்கள். வேலை இருப்பவனுக்குக் கூச்சம் குறையும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு செக்ஷனில் ஆயுத பூஜைக்கு வசூல் செய்வார்கள். ஒரு வருடம் அந்தக் கணக்கு நோட்டையும் பணத்தையும், சிகிச்சை முடிந்து எட்டு மாதமே ஆன ஒருவர் கையில் கொடுத்தார் அங்கிருந்த சூப்பர்வைசர். "சார், அவன் கையிலயா?" என்று நாலு பேர் கேட்டார்கள். "ஏன், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும்ல?" என்றார் அவர். பூஜை முடிந்த மறுநாள் அந்தத் தொழிலாளி பொரி, பழம், பூசணிக்காய், பந்தல் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது ஒட்டிக் கணக்கு காட்டி, மீதி நாற்பத்து மூன்று ரூபாயை மேஜை மேல் வைத்தார். பிறகு அவர் ஓய்வு பெறும் வரை அந்த நோட்டு அவரிடம்தான் இருந்தது. அவர் எத்தனையோ கவுன்சிலிங்குக்குப் போயிருக்கிறார். "அந்த நோட்டுதான் சார் என்னை ஆளாக்கிச்சு" என்று ஓய்வு பெறும் நாளில் மைக்கில் சொன்னார்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, இருபத்து மூன்று வயது. மூன்று மாதம் விலகி இருந்தான். யாரும் அவனை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு திருவிழா இரவில் பழைய கூட்டாளிகளிடம் போனான். பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். காலையில் எழுந்திருக்கவில்லை. மாணவர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கி விடும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தும். சிகிச்சை முடிந்து வெளியே வரும் முதல் வாரங்கள் மிக ஆபத்தானவை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்தச் சமயத்தில் ஒருவனைத் தனியாக விடுவது அவன் உயிரோடு விளையாடுவது. சறுக்கி விட்டால் "உன்னால முடியாதுடா" என்று சொல்லாதீர்கள், மறுபடி சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம்தானே போகிறோம்?

தெரிந்திருக்க வேண்டியவை

நண்பன் ஒருவன் சிக்கியிருந்தால் போலீஸ் பயத்தில் மறைக்காதீர்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கியிருந்து, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்பவனுக்கு இது பொருந்தாது.

போதை மீட்புக்குக் கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. நம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட குடியை வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கட்டிப்போட்டு அடித்துத் திருத்துகிறேன் என்று சொல்லும் இடங்களுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆவது அதிகாரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது எந்த இயலில் வருகிறது என்று பார்த்தீர்களா? நம் பாடப் புத்தகங்களில் காணும் பகுப்பின்படி, 79-ஆவது அதிகாரமான நட்பில் தொடங்கும் நட்பியலுக்குள் வருகிறது. குடியை விலக்குவது ஏன் நட்பின் கீழ் வர வேண்டும் என்று நான் பல நாள் யோசித்தது உண்டு. இருபத்தெட்டு வருட வேலை அதற்கு விடை சொன்னது. கூட்டாளியால் கெட்டவனை மீட்பதற்கும் ஒரு கூட்டாளிதான் வேண்டும்.

அதனால் இந்தச் சங்கத்திடம் மூன்று விஷயங்கள் கேட்கிறேன். ஒன்று, நம்மில் பலர் கம்பெனி வைத்திருக்கிறோம், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறோம். சிகிச்சை முடித்து வந்த ஒரு பையனுக்காவது ஆண்டுக்கு ஒரு வேலை கொடுப்போம். தர்மமாக வேண்டாம், ஒழுங்காக வரவேண்டும் என்ற கண்டிப்போடு கொடுப்போம். இரண்டு, நம் கல்லூரி மைதானத்தில் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை கேரம், கால்பந்து, நூலகம் மூன்றும் திறந்திருக்க ஏற்பாடு செய்வோம். விளக்குக் கட்டணத்தைச் சங்கம் கட்டட்டும். எங்கள் செட் சார்பில் முதல் ஆண்டுச் செலவை ஏற்கிறோம் என்று நண்பர்கள் இப்போதுதான் தலையாட்டினார்கள், அதை நான் மைக்கில் சொல்லி விட்டேன், இனி மாற்ற முடியாது.

மூன்றாவது சின்ன விஷயம். ஒவ்வொரு செட்டிலும் மறுகூடலுக்கு வராமல் இருக்கும் ஒரு ஆள் உண்டு. "அவனா, அவன் ஒரு மாதிரி ஆயிட்டான்பா" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய் விடுகிறோம். அவன் இப்போது விட்டிருக்கலாம். விட்டும் நம் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு வராமல் இருக்கலாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். பழைய கதையைக் கிளறாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். "அடுத்த வருஷம் நீ வரணும்டா, பந்தி ஏற்பாடு உன் பொறுப்பு" என்று சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு காலி நாற்காலி இருக்கலாம். அவன் திரும்பி வரும் நாளில் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் நேற்று மேட்ச் பார்த்தாயா என்று கேளுங்கள். அது போதும்.

சாப்பாட்டு மணி அடித்து விட்டார்கள்.